ஸ்டீவ் புளூமர்: ஒரு பந்தாட்டத் தொழிலாளியின் வரலாறு

கால்பந்து நம் நாட்டினர்க்குப் புதிய ஆட்டமன்று. ஆங்கிலப் படைப்பிரிவுகளோடு கடல் கடந்து வந்த அவ்வாட்டம், கல்லூரித் திடல்களிலும் நகர மைதானங்களிலும் விரைவில் வேரூன்றிவிட்டது. 1911ஆம் ஆண்டு கொல்கத்தாவில் மோகன் பகான் குழுவினர், கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவினரை வென்று ஐ.எப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றிய செய்தி, விளையாட்டில் நாட்டமில்லாதோரும் அறிந்த வரலாறு. ஆனால், கால்பந்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் வெற்றி தோல்விகளையே எழுதுகின்றனர். அந்த ஆட்டத்தைக் கூலிக்கு ஆடிய மனிதன் எவ்வாறு வாழ்ந்தான், அவனது திறமை யாருக்குச் சொந்தமாக இருந்தது, உடல் தளர்ந்தபின் அவன் எங்கே சென்றான் என்னும் வினாக்களை எழுப்புவோர் சிலரே. இவ்வினாக்களுக்கு விடை காண, இங்கிலாந்தின் புகழ்பெற்ற ஆட்டக்காரர் ஒருவரின் வாழ்க்கையை இன்று நாம் சிறிது ஆராய்வோம். அவர் பெயர் ஸ்டீவ் புளூமர்.

முதலில் இரண்டு சொற்களை விளக்கிக்கொள்வது நல்லது. ஒன்று 'அமெச்சூர்', மற்றொன்று 'புரொபஷனல்'. ஊதியம் கருதாது, ஆர்வத்தால் மட்டும் ஆடுபவர் முன்னவர். ஆடுவதையே பிழைப்பாகக் கொண்டு ஊதியம் பெறுபவர் பின்னவர். இன்று இவ்விரண்டுக்குமிடையே ஏற்றத்தாழ்வு கற்பிப்பார் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்திலோ, இவ்விரு சொற்களும் இரண்டு வகுப்பினரைக் குறித்தன. 1863இல் லண்டனில் கால்பந்துச் சங்கத்தை நிறுவி விதிகளை வகுத்தவர்களுள் பலர் செல்வர் வீட்டுப் பிள்ளைகள். உயர்தரப் பள்ளிகளில் பயின்றவர்கள். விளையாட்டுக்குக் காசு வாங்குவது கண்ணியக் குறைவு என்று அவர்கள் எண்ணினர்.

ஆனால், அந்த ஆட்டம் நாளடைவில் வடக்கு, மத்திய இங்கிலாந்தின் ஆலை நகரங்களுக்குப் பரவியது. சனிக்கிழமை பிற்பகல் விடுமுறை பெற்ற தொழிலாளர்கள் திரள்திரளாக மைதானங்களை நோக்கி வந்தனர். அங்கே ஆடியவரும் தொழிலாளரே, காண வந்தவரும் தொழிலாளரே. வெளியூர் சென்று ஆடுபவன் அன்றைய ஆலைக் கூலியை இழந்தான். அந்த இழப்பை ஈடு செய்யக் கழகங்கள் முன்வந்தன. ஈடு செய்தல் மெல்ல ஊதியமாக வளர்ந்தது. வெளிப்படையாகக் கொடுக்க இயலாததால் மறைவாகக் கொடுக்கப்பட்டது. இந்த மறைவுக் கணக்கு நெடுநாள் நீடிக்கவில்லை. 1885இல் கால்பந்துச் சங்கம், விருப்பமின்றியே எனினும், ஊதிய ஆட்டத்தைச் சட்டபூர்வமாக்கியது. மூன்றாண்டு கழித்து 1888இல், பன்னிரண்டு கழகங்கள் ஒன்றுகூடிக் 'கால்பந்து லீக்' என்னும் அமைப்பை நிறுவின. அப்பன்னிரண்டனுள் ஒன்று டார்பி கவுண்டி.

புளூமர் 1874ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் நாள் அப்போது வூஸ்டர்ஷயர் மாவட்டத்தில் இருந்த கிராட்லி என்னும் சிற்றூரில் பிறந்தார். ஆணியும் சங்கிலியும் அடிக்கும் தொழிலுக்குப் பேர்போன வட்டாரம் அது. தந்தையார் இரும்புத் தொழிலாளி. மகன் சிறுவனாக இருக்கும்போதே அக்குடும்பம் பிழைப்பு நாடி டார்பி நகரில் குடியேறியது. மிட்லண்ட் ரெயில்வேயின் தலைமையிடமும் பெரும் பட்டறைகளும், வார்ப்பு ஆலைகளும் அந்நகரில் இருந்தன. தந்தையைப் போலவே மகனும் இளமையில் இரும்புப் பட்டறை வேலைக்குச் சென்றார். பகலில் சம்மட்டி, ஓய்வு நேரத்தில் பந்து. அக்காலத்தில் அந்நகரத்துத் தொழிலாளர் வீட்டுச் சிறுவர் பலருக்கும் இதுவே வாழ்க்கை. புளூமரை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்டியது, பந்தைக் கோலுக்குள் செலுத்துவதில் அவருக்கு இருந்த அரிய இயல்பேயாகும்.

1892இல், பதினெட்டாம் வயதில், டார்பி கவுண்டிக் கழகம் அவரை ஒப்பந்தம் செய்தது. வார ஊதியம் ஏழு ஷில்லிங் ஆறு பென்ஸ். அதை மட்டும் நம்பி எவரும் பட்டறை வேலையை விட்டுவிட இயலாது. அவ்வாண்டு செப்டம்பர் 3ஆம் நாள் ஸ்டோக் நகரில் நடந்த ஆட்டத்தில் அவர் முதன்முறையாகக் கழகத்துக்காகக் களமிறங்கினார். அக்கழகத்தில் அப்போது ஜான் குடால் என்னும் மூத்த ஆட்டக்காரர் இருந்தார். லீக்கின் முதல் ஆண்டில் ஒரு தோல்வியுமின்றி வாகை சூடிய பிரஸ்டன் குழுவில் ஆடிய அனுபவம் உடையவர் அவர். இளைஞரின் திறமையைக் கண்டுகொண்டு, அதைச் செப்பனிட்டவரும் அவரே. பயிற்சியாளர் என்னும் பதவியே உருப்பெறாத காலம் அது. ஒரு கலையை மூத்தவர் இளையவருக்குக் கைமாற்றித் தருவதே பயிற்சியாக இருந்தது.

புளூமர் நல்ல உயரமோ கட்டான உடலோ வாய்ந்தவர் அல்லர். நிறம் வெளிறியவர், அதனால் 'வெளிறிய முகத்தார்' என்னும் பட்டப்பெயரும் பெற்றார். நடு முன்னணி ஆட்டக்காரருக்கு வலப்புறம் நிற்கும் 'இன்சைட் ரைட்' என்னும் இடம் அவருடையது. அக்காலத்து முன்னணி ஆட்டக்காரர் பலர் பந்தைக் காலோடு வைத்துக்கொண்டு எதிரிகளை ஏய்த்துச் செல்வதில் பெருமை கொண்டனர். புளூமரின் வழி வேறு. பந்து வந்த கணத்திலேயே, அதை நிறுத்தி ஒழுங்கு செய்யாமல், தாழ்வாகவும் வேகமாகவும் கோலை நோக்கி அடித்துவிடுவார். கோல் காப்பாளர் ஆயத்தமாகுமுன் பந்து வலையில் இருக்கும். இரண்டு கால்களாலும் இதைச் செய்ய அவருக்கு இயன்றது.

இதன் பயனை எண்களில் காணலாம். 1896, 1897, 1899, 1901, 1904 ஆகிய ஐந்து ஆண்டுகளில் முடிந்த பருவங்களில், லீக் முதல் பிரிவில் மிகுதியான கோல்களை அடித்தவர் வரிசையின் தலைமை இடம் அவருக்குக் கிட்டியது. லீக் ஆட்டங்களில் அவர் வாழ்நாளில் அடித்த கோல்கள் 350க்கு மேற்பட்டவை. அவற்றுள் முதல் பிரிவில் அடித்தவை மட்டும் முந்நூறைத் தாண்டும். ஆங்கிலேய நாட்டின் உயர்நிலைப் பிரிவில் இத்தொகையைக் கடந்தவர் பிற்காலத்து ஜிம்மி கிரீவ்ஸ் ஒருவரே. நாட்டுக் குழுவுக்காக 1895 முதல் 1907 வரை 23 ஆட்டங்களில் ஆடி 28 கோல்கள் அடித்தார். முதல் பத்து ஆட்டங்களிலும் தவறாமல் கோல் அடித்தார் என்பது வியப்பிற்குரியது. 1896இல் கார்டிப் நகரில் வேல்ஸ் நாட்டை இங்கிலாந்து ஒன்பதுக்கு ஒன்று என்று வென்றபோது, அந்த ஒன்பதில் ஐந்து அவருடையவை. ஆட்டக்காலணிகள் அவர் பெயரைத் தாங்கிக் கடைகளில் விற்பனையாயின என்றால், அவர் புகழின் அளவை நாம் ஊகிக்கலாம்.

ஆயினும், பெருவெற்றி என்பது அவர் கழகத்துக்கு எட்டாக்கனியாகவே இருந்தது. 1896இல் லீக்கில் இரண்டாமிடம். 1898இல் கோப்பை இறுதியாட்டம். லண்டனின் கிறிஸ்டல் பேலஸ் மைதானத்தில் அறுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் கூடியிருந்தனர். எதிரே, அண்டை நகரமான நாட்டிங்காமின் பாரஸ்ட் குழு. ஐந்தே நாள் முன்பு லீக் ஆட்டத்தில் அதே குழுவை டார்பி ஐந்து கோல்களில் வீழ்த்தியிருந்தது. இறுதியாட்டத்திலோ மூன்றுக்கு ஒன்று என்று டார்பி தோற்றது. அந்த ஒரு கோலை அடித்தவர் புளூமர். மறு ஆண்டும் இறுதியாட்டம். ஷெபீல்டு யுனைடெட் குழுவிடம் நான்குக்கு ஒன்று என்று தோல்வி. 1903இல் மூன்றாம் முறை. புளூமர் காயமுற்று ஆடவில்லை. பரி குழு ஆறு கோல்கள் அடிக்க, டார்பி ஒன்றும் அடிக்காமல் திரும்பியது.

இதுவரை நாம் கண்டது ஓர் ஆட்டக்காரரின் புகழ். இனி அப்புகழின் அடியில் இருந்த பொருளாதாரத்தைக் காண்போம்.

1901ஆம் ஆண்டுப் பருவம் முதல் கால்பந்துச் சங்கம் ஒரு புதிய விதியை நடைமுறைப்படுத்தியது. எந்தக் கழகமும் எந்த ஆட்டக்காரருக்கும் வாரத்துக்கு நான்கு பவுனுக்கு மேல் ஊதியம் தரலாகாது. வெற்றிக்கென்று தனிச் சன்மானமும் தரலாகாது என்பது அவ்விதி. செல்வம் மிக்க கழகங்கள் எல்லாச் சிறந்த ஆட்டக்காரர்களையும் விலைக்கு வாங்கிவிட்டால் சிறு கழகங்கள் அழிந்துவிடும் என்பது இதற்குக் கூறப்பட்ட காரணம். அக்காரணத்தில் உண்மை இல்லாமல் இல்லை. நான்கு பவுன் என்பது அற்பத் தொகையுமன்று. தேர்ந்த கைத்தொழிலாளி ஒருவர் அன்று வாரத்துக்குச் சுமார் இரண்டு பவுனே ஈட்டினார். ஆயினும் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். லீக் ஆட்டத்துக்கான குறைந்த நுழைவுக் கட்டணம் ஆறு பென்ஸ். ஒரு பவுனுக்கு 240 பென்ஸ். எனவே 160 பேர் வாயிலில் செலுத்தும் காசே, நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரர் ஒருவரின் ஒரு வார ஊதியத்துக்குப் போதுமானதாக இருந்தது. பெரிய ஆட்டங்களைக் காண வந்தவரோ பல்லாயிரவர். பத்துக் கோல் அடித்தவருக்கும் நூறு கோல் அடித்தவருக்கும் உச்சவரம்பு ஒன்றே. பருவத்துக்குப் பருவம் புகழ் ஏறலாம், ஊதியம் ஏறாது.

ஊதிய வரம்பைக் காட்டிலும் கடுமையானது மற்றொரு விதி. நம்மில் அரசுப் பணியில் இருப்போர் 'டிரான்ஸ்பர்' என்னும் சொல்லைக் கேட்டதும், மூட்டை கட்டிக்கொண்டு வேற்றூர் செல்வதையே நினைப்போம். மாறுதல் உத்தரவு நமக்குத் தொல்லை தரலாம். ஆயினும் ஒரு துறை நம்மை மற்றொரு துறைக்கு விற்றது என்று எவரும் கூறார். இங்கிலாந்தின் கால்பந்துலகில் அச்சொல்லின் பொருள் வேறு. ஆட்டக்காரர் ஒரு கழகத்தில் பதிவு செய்யப்படுவார். பருவம் முடிந்து ஒப்பந்தம் காலாவதியானபின்னும், அந்தப் பதிவு கழகத்தின் கையிலேயே இருக்கும். கழகம் இசைந்தாலன்றி அவர் லீக்கைச் சேர்ந்த வேறு கழகத்தில் ஆட இயலாது. வேறு கழகம் அவரை விரும்பினால், பதிவை வைத்திருக்கும் கழகத்துக்கு ஒரு தொகை கொடுத்து அதைப் பெற வேண்டும். அத்தொகை கழகத்துக்கு உரியது. ஆட்டக்காரருக்குப் புதிய கழகத்தில் சேர்வதற்கென்று பத்துப் பவுன் வரை கிடைக்கலாம், அவ்வளவே.

1905 பிப்ரவரியில் இம்முறையின் முழு உருவமும் வெளிப்பட்டது. ஆல்ப் காமன் என்னும் ஆட்டக்காரரை, சண்டர்லண்ட் கழகத்திடமிருந்து மிடில்ஸ்பரோ கழகம் ஆயிரம் பவுன் கொடுத்து வாங்கியது. ஒரு மனிதனின் கால்களுக்கு ஆயிரம் பவுனா என்று நாடே திகைத்தது. இரண்டாம் பிரிவுக்கு இறங்கிவிடும் நிலையிலிருந்த மிடில்ஸ்பரோ, அவர் வருகையால் அந்த ஆபத்திலிருந்து தப்பியது. வாரம் நான்கு பவுனுக்கு மேல் கொடுப்பது ஆட்டத்தைக் கெடுத்துவிடும் என்று கூறிய அமைப்பில், ஒரு கழகம் மற்றொரு கழகத்துக்கு ஆயிரம் பவுன் கொடுப்பதற்குத் தடை இருக்கவில்லை.

மறு ஆண்டு மார்ச் மாதம், அதே மிடில்ஸ்பரோ புளூமரை 750 பவுனுக்கு வாங்கியது. டார்பி கவுண்டி அப்போது பண நெருக்கடியில் இருந்தது. பதினான்கு பருவங்கள் அக்கழகத்தின் பெயரை நாடெங்கும் கொண்டுசென்ற மனிதரை விற்றுத்தான் அந்நெருக்கடியைச் சமாளிக்க வேண்டும் என்று அதன் நிர்வாகிகள் முடிவு செய்தனர். நகர மக்கள் பெரிதும் மனம் வருந்தினர். வாரம் நான்கு பவுன் என்றால் ஆண்டுக்கு 208 பவுன். ஆக, புளூமர் மூன்றரை ஆண்டுக்கு மேல் உழைத்துப் பெறக்கூடிய உச்ச ஊதியத்தை, அவரைக் கைமாற்றிய ஒரே நாளில் கழகம் பெற்றது. அவரை இழந்த டார்பி, மறு பருவத்தின் முடிவில், அதாவது 1907இல், முதல் பிரிவிலிருந்து இறங்கியது. விற்ற பொருளின் மதிப்பு விற்றபின்னரே தெளிவாகப் புலப்பட்டது.

இம்முறையை ஆட்டக்காரர் அனைவரும் வாய்மூடி ஏற்றுக்கொள்ளவில்லை. 1907 டிசம்பரில் மான்செஸ்டர் நகரில், பில்லி மெரடித் என்னும் வேல்ஸ் நாட்டு ஆட்டக்காரரின் தலைமையில் கூடி, ஆட்டக்காரர் சங்கம் ஒன்றை அமைத்தனர். 1909இல் கால்பந்துச் சங்கம் அதை அங்கீகரிக்க மறுத்து, அதிலிருந்து விலகாதோரை ஆடவிடோம் என்று அச்சுறுத்தியது. மான்செஸ்டர் யுனைடெட் குழுவினர், சார்லி ராபர்ட்ஸ் என்னும் தலைவரின்கீழ் விலக மறுத்து உறுதியாக நின்றனர். முடிவில் உடன்பாடு ஏற்பட்டது. சங்கம் அங்கீகாரம் பெற்றது. வெற்றிச் சன்மானமும் அனுமதிக்கப்பட்டது. ஆனால் ஊதிய வரம்பும் பதிவு முறையும் நீங்கவில்லை. அதே ஆண்டு, ஆட்டத்தில் காயமுற்ற ஒருவரின் வழக்கில், தொழில்முறை ஆட்டக்காரரும் சட்டத்தின் பார்வையில் தொழிலாளியே, எனவே தொழிலாளர் நட்ட ஈட்டுச் சட்டம் அவருக்கும் பொருந்தும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தொழிலாளி என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. ஆயினும் ஏனைய தொழிலாளிக்கு உள்ள, வேண்டாத முதலாளியை விட்டு விலகி மற்றொருவரிடம் செல்லும் உரிமை அவருக்கு இல்லை. 1912இல் கிங்கபி என்னும் ஆட்டக்காரர் ஆஸ்டன் வில்லா கழகத்தின்மீது இதுபற்றித் தொடுத்த வழக்கும் தோல்வியில் முடிந்தது.

புளூமர் மிடில்ஸ்பரோவில் நான்காண்டுக்கு மேல் ஆடிச் சுமார் அறுபது லீக் கோல்கள் அடித்தார். 1910இல், முப்பத்தாறாம் வயதில், இரண்டாம் பிரிவில் கிடந்த தம் பழைய கழகத்துக்குத் திரும்பினார். நகரம் அவரை விழாக்கோலத்தோடு வரவேற்றது. ஆட்டக்காரர் பலர் ஓய்வு பெறும் அவ்வயதில், அவர் குழுவின் தலைமையை ஏற்றார். 1912இல் டார்பி இரண்டாம் பிரிவில் முதலிடம் பெற்று, மீண்டும் முதல் பிரிவுக்கு உயர்ந்தது. 1914 ஜனவரி இறுதியில், நாற்பது வயது நிறைந்த சில நாட்களில், பர்ன்லி குழுவுக்கெதிராக அவர் தம் கடைசி லீக் ஆட்டத்தை ஆடினார்.

நாற்பது வயதில் ஓய்வு பெற்ற ஆட்டக்காரர் என்ன செய்வார்? சேமித்தவர் சிறு கடை வைப்பார். சிலர் மதுக்கடை நடத்துவர். பலர் விட்டுவந்த ஆலைக்கே திரும்புவர். ஓய்வூதியம் என்பது அத்தொழிலில் இல்லை. ஆட்டத்தைப் பிறர்க்குக் கற்பிக்கும் வேலைக்கு இங்கிலாந்தில் மதிப்பும் இல்லை. பந்தாட்டம் பிறவியில் வருவது, கற்பித்து வருவதன்று என்று ஆங்கிலக் கழகங்கள் எண்ணின. ஐரோப்பாக் கண்டத்தினர் அவ்வாறு எண்ணவில்லை. ஆங்கிலேயரிடமிருந்து ஆட்டத்தைக் கற்க அவர்கள் ஆவலோடு இருந்தனர். எனவே, 1914 ஜூலையில் புளூமர் பெர்லின் நகரத்து பிரிட்டானியா கழகத்தில் பயிற்சியாளராகப் பணியேற்கச் சென்றார். தம் நாட்டில் விலைபோகாத அறிவை, அயல்நாட்டில் ஊதியத்துக்கு மாற்ற முயன்றார் எனலாம்.

அவர் சென்ற சில வாரங்களுக்குள், ஆகஸ்டு 4ஆம் நாள், பிரிட்டனுக்கும் ஜெர்மனிக்கும் போர் மூண்டது. நவம்பர் மாதம் ஜெர்மனியில் இருந்த பிரிட்டிஷ் ஆடவர்கள் சிறைப்படுத்தப்பட்டு, பெர்லினுக்கு மேற்கே ரூலேபன் என்னுமிடத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அது ஒரு குதிரைப் பந்தயத் திடல். குதிரைகள் நின்ற கொட்டில்களில் மனிதர்கள் தங்க வைக்கப்பட்டனர். நான்காயிரத்துக்கு மேற்பட்டோர் அங்கே அடைபட்டிருந்தனர். வணிகர், மாலுமிகள், மாணவர், இசைவாணர் எனப் பலதிறத்தார் அவர்களுள் இருந்தனர். பின்னாளில் நியூட்ரானைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற ஜேம்ஸ் சாட்விக், அன்று இளம் ஆராய்ச்சியாளராக அங்கேயே சிறையிருந்தார்.

குளிரும் பசியும் நோயும் சூழ்ந்த அவ்விடத்தில், சிறைப்பட்டோர் தமக்கென ஒரு சிறு உலகைப் படைத்துக்கொண்டனர். பாடசாலை நடத்தினர், நாடகம் ஆடினர், பத்திரிகை வெளியிட்டனர். கால்பந்துச் சங்கமும் ஒன்று தோன்றியது. ஒவ்வொரு கொட்டிலுக்கும் ஒரு குழு, குழுக்களுக்கிடையே லீக். இங்கிலாந்தின் முன்னாள் தொழில்முறை ஆட்டக்காரர் பலர் அங்கே இருந்தனர். பிரெட் பென்ட்லண்ட், ஜான் கேமரன், சாம் வூல்ஸ்டன்ஹோம் முதலியோரைக் குறிப்பிடலாம். அவர்களோடு புளூமரும் ஆடினார். நுழைவுக் கட்டணம் இல்லை, ஊதியம் இல்லை, கைமாற்றும் இல்லை. காண வந்தவரும் ஆடியவரும் ஒரே முள்வேலிக்குள் இருந்தனர். ஆயிரக்கணக்கானோர் நின்று பார்த்த அவ்வாட்டங்கள், அச்சிறைவாசிகளின் மனம் நொறுங்கிவிடாமல் காத்தவற்றுள் ஒன்று. ஆண்டு மூன்றுக்கு மேல் புளூமர் அங்கே கழித்தார். 1918இல் விடுவிக்கப்பட்டு, நடுநிலை நாடான ஹாலந்துக்கு அனுப்பப்பட்டார். போர் ஓய்ந்தபின்னரே தாயகம் திரும்பினார்.

அதன்பின்னும் அயல்நாடே அவருடைய கல்விக்கு மதிப்பளித்தது. 1923இல் ஸ்பெயின் நாட்டின் வட எல்லையில் உள்ள இருன் என்னும் ஊரின் ரியல் யூனியன் கழகம் அவரைப் பயிற்சியாளராக அமர்த்தியது. மறு ஆண்டு நடந்த அரசர் கோப்பையின் இறுதியாட்டத்தில், அச்சிற்றூர்க் கழகம் தலைநகரின் ரியல் மாட்ரிட் குழுவை ஒன்றுக்குச் சுன்னம் என்று வென்றது. மூன்று முறை ஆங்கிலக் கோப்பையின் வாயில் வரை சென்றும் நுழைய இயலாத கழகத்தின் நாயகர், வேற்று மண்ணில், வேற்று மொழி பேசுவோருக்குக் கற்பித்து, ஒரு தேசியக் கோப்பையைப் பெற்றுத் தந்தார். ரூலேபனில் அவரோடு இருந்த பென்ட்லண்டும் ஸ்பெயினின் பில்பாவோ நகரில் பயிற்சியாளராகப் பெரும்புகழ் ஈட்டி, 1930, 1931 ஆகிய ஆண்டுகளில் தம் கழகத்துக்கு லீக் வெற்றியைத் தேடித் தந்தார். கற்பிக்க இயலாது என்று தாயகம் ஒதுக்கிய கலையைக் கண்டத்தினர் கற்றுக்கொண்டனர். 1953இல் ஹங்கேரிக் குழு லண்டனிலேயே இங்கிலாந்தை ஆறுக்கு மூன்று என்று வென்றபோதுதான், இதன் பொருள் ஆங்கிலேயர் பலருக்கு விளங்கியது.

புளூமர் பிற்காலத்தை டார்பியில் கழித்தார். பழைய கழகத்திலேயே பயிற்சி தொடர்பான வேலைகளும், மைதானத்தைச் சார்ந்த சில்லறை வேலைகளும் செய்துவந்தார். உடல் நலிந்தபோது, அன்பர்களும் கழகமும் உதவ, கடற்பயணமாக ஆஸ்திரேலியா, நியூசிலாந்து சென்று வந்தார். திரும்பிய சில வாரங்களில், 1938ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள், அறுபத்து நான்காம் வயதில் காலமானார். கிறிஸ்டல் பேலஸ் மைதானத்தில் அவர் கோல் அடித்தும் கோப்பையை இழந்த அந்நாளுக்குச் சரியாக நாற்பது ஆண்டுகள் நிறைந்த நாள் அது.

அவர் ஆடிய காலத்து விதிகள் அவரைவிட நெடுநாள் வாழ்ந்தன. ஊதிய வரம்பு சிறிது சிறிதாக உயர்ந்து, 1958இல் வாரம் இருபது பவுனை எட்டியது. ஆட்டக்காரர் சங்கம் வேலைநிறுத்தத்துக்கு ஆயத்தமானபின், 1961 ஜனவரியில் அவ்வரம்பு அடியோடு நீக்கப்பட்டது. 1963இல் ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் என்னும் ஆட்டக்காரர் நியூகாசில் கழகத்தின்மீது தொடுத்த வழக்கில், ஆட்டக்காரரைப் பிடித்துவைக்கும் முறை தொழில் செய்யும் உரிமைக்கு நியாயமற்ற தடை என்று நீதிபதி வில்பர்போர்ஸ் தீர்ப்பளித்தார். ஒப்பந்தம் முடிந்தபின் கைமாற்றுத் தொகை கேட்பதை ஐரோப்பிய நீதிமன்றம் பாஸ்மன் வழக்கில் தடுத்தது 1995இல். புளூமர் ஒப்பந்தம் செய்த நாளிலிருந்து எண்ணினால், இந்த இறுதித் தீர்ப்பு வர 103 ஆண்டுகள் ஆயின.

இன்றைய ஆட்டக்காரர்கள் பெறும் பெருந்தொகைகளைக் கேட்டு நம்மில் பலர் முகம் சுளிக்கிறோம். அத்தொகைகள் அளவுக்கு மிஞ்சியவை என்று கூறுவோருக்கு அவர்கள் தரப்பு நியாயம் உண்டு. ஆனால், அந்தப் பணம் முன்பு இல்லாமலிருக்கவில்லை. ஆடியவரின் கையில்தான் இல்லை என்பதைப் புளூமரின் வரலாறு காட்டுகிறது. ஓர் ஆட்டக்காரரின் உடல்வலிமை பதினைந்து இருபது ஆண்டுகளே நிற்பது. அந்தச் சில ஆண்டுகளின் பயனை யார் அனுபவிப்பது என்பதே அன்று நடந்த வழக்கின் சாரம். ஓவியர், இசைவாணர், நெசவாளர் என எத்தொழில் செய்வோருக்கும் இவ்வினா பொருந்தும்.

டார்பி கவுண்டியின் இன்றைய மைதானத்தில் புளூமரின் மார்பளவுச் சிலை ஒன்று 2009இல் நிறுவப்பட்டது. ஒவ்வோர் ஆட்டத்தின்போதும் அவரைப் போற்றும் பாடல் அங்கே ஒலிக்கிறது. அக்கழகம் அவரை 750 பவுனுக்கு விற்றதும் உண்மை. நூறாண்டு கடந்தும் அவரை மறவாதிருப்பதும் உண்மை. வரலாறு எழுதுவோர் இவ்விரண்டையும் சேர்த்தே எழுதுதல் வேண்டும்.